தங்கையின் பெயரில் ஒரு கிளினிக் கொப்பி

எந்த நோயும் இல்லாத ஒரு பெண்ணை நான் இருபத்திரண்டு வருடங்கள் மனநோயாளியாக வைத்திருந்தேன். அதற்காக அவருக்கு ஒரு குளிசைகூடக் கொடுக்கவில்லை. ஒரு கொப்பியின் மட்டையில் அவருடைய பெயரை எழுதினேன், அவ்வளவுதான். அந்தக் கொப்பியால் அவருடைய அக்கா சுகமாக இருந்தார், நான் பேராசிரியர் ஆனேன். மூன்று பேரில் இரண்டு பேருக்கு நன்மைதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட காலமும் உண்டு.

என் துறைக்குப் பெயர் பண்பாடும் உளநலமும். சனங்கள் தங்கள் துன்பத்துக்கு என்ன பெயர் வைக்கிறார்கள், அதை முதலில் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. யாழ்ப்பாணத்தில் அதை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதில்லை. கோயிலுக்குக் கொண்டுபோவார்கள், சாதகம் பார்ப்பவரிடம் கொண்டுபோவார்கள், நூல் கட்டுவார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்களிடம் வருவார்கள். மற்ற வைத்தியர்கள் இதைப் பார்த்து எரிச்சல்பட்டார்கள். நான் இதைப் பார்த்து ஆய்வுக்கட்டுரை எழுதினேன். என்னை அவர்களைவிட நல்லவன் என்று நான் நினைத்ததற்குக் காரணம் அதுதான்.

போர்நிறுத்தத்தில் பாதை திறந்து, வெளியுலகம் மறுபடி எங்களைப் பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம். தென்மராட்சியில் ஓர் அம்மன் கோயில் இருந்தது. மனம் குழம்பியவர்களைக் கொண்டுவந்து பக்கத்து மடத்தில் நாற்பத்தெட்டு நாள் தங்கவைப்பார்கள். விடியக் குளித்து, ஈர உடுப்போடு மூன்று முறை வீதி சுற்றி, வேப்பிலை ஊறிய தீர்த்தம் ஒரு செம்பு குடிக்க வேண்டும். மடத்தின் கூரை பாதி ஓடு, பாதி தகரம். நான் கேள்வித்தாள்களோடு கிழமைக்கு இரண்டு நாள் அங்கே போய் ஒரு வாங்கில் உட்கார்ந்திருப்பேன்.

அங்கேதான் ரீச்சரைக் கண்டேன். நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் மூத்த மகள், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். முப்பத்தாறு வயது. கரும்பலகை தன்னோடு கதைக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தார். யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பலகையில் விடை எழுதினாராம். விடைகள் எல்லாம் சரியாக இருந்தபடியால், வருத்தம் என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தவணை பிடித்தது.

மருந்து வேண்டாம் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். மற்ற எதிலும் அந்தத் தெளிவு இல்லை.

"குளிசை எடுத்தால் நான் விசரி எண்டு நானே கையெழுத்து வைக்கிற மாதிரி, சேர்," என்றார். "கையெழுத்து வைச்ச பிறகு பிழை எண்டு ஆர் வெட்டுவினம்?"

அவருக்குத் துணையாக வந்திருந்தவர் தங்கை. இருபத்தொன்பது வயது, ஊர் வாசிகசாலையில் வேலை. சிரித்த முகம். அன்று அவர் சிரிக்கவில்லை. அக்கா முதல் நாள் இரவெல்லாம் சுவரோடு வாக்குவாதப்பட்டிருந்தார்.

"குளிசையைக் கண்டாலே துப்புறா சேர். தீர்த்தம் எண்டால் ஒரு சொட்டும் சிந்தாமல் குடிக்கிறா."

இதைச் சொல்லும்போது அவர் மனத்தில் ஒன்றும் இருக்கவில்லை. யோசனை எனக்குத்தான் வந்தது. எங்களிடம் ஒரு துளிமருந்து இருந்தது. நிறமில்லை, மணமில்லை. வேப்பிலைத் தீர்த்தத்தின் கசப்புக்குள் எதைக் கலந்தாலும் தெரியப்போவதுமில்லை. நான் சொன்னதைப் பக்கத்தில் நின்ற பூசகரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மாளுக்குத் தெரியாமலோ டொக்டர்?" என்றார்.

"அம்மாளுக்குத் தெரியும் ஐயா. ரீச்சருக்குத்தான் தெரியக்கூடாது."

"அப்ப சரி. அம்மாளிட்டை நான் கதைக்கிறன். ரீச்சரிட்டை நீங்கள் அவசரமில்லாமல் ஆறுதலாக் கதையுங்கோ."

அவர் தன் பங்கைச் செய்தாரோ தெரியாது. நான் என் பங்கைச் செய்ய இருபத்திரண்டு வருடம் ஆறுதலாக இருந்தேன்.

மருந்தை எடுக்க ஒரு கிளினிக் கொப்பி வேண்டும், கொப்பிக்கு ஒரு பெயர் வேண்டும். ரீச்சரின் பெயரைப் போட்டால் அது ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடும். எங்கள் ஊரில் செய்திக்குப் பஸ் தேவையில்லை.

"இப்போதைக்கு உம்மடை பேரைப் போடட்டோ?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"போடுங்கோ சேர். எனக்கென்ன?"

வெறும் பெயரோடு மருந்து தரமாட்டார்கள், நோய் என்னவென்றும் எழுத வேண்டும். எனவே அக்காவின் நோய்க்குறிகள் எல்லாவற்றையும் தங்கையின் பெயருக்குக் கீழே எழுதினேன். கரும்பலகை உட்பட. "ஆரிட்டையும் சொல்லக்கூடாது, ஒரு நாளும் விடக்கூடாது," என்று இரண்டு கட்டளைகளும் கொடுத்தேன். அவர் தலையாட்டினார். நான் சந்தித்த நோயாளர்களில் வைத்தியரின் சொல்லை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் வேறு யாருமில்லை. அவர் நோயாளியே இல்லை என்பதுதான் இதிலுள்ள குறை.

நாற்பத்தெட்டாம் நாள் ரீச்சர் நெற்றி நிறையத் திருநீற்றோடு வீட்டுக்குப் போனார். அடுத்த தவணை பள்ளிக்கூடம் போனார். கரும்பலகை கரும்பலகையாக இருந்தது. தங்கை கிழமைக்கு ஒருமுறை கோயிலிலிருந்து ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவருவார். சாமியறையில் ஒரு சிறிய பித்தளைச் செம்பு. விடிய எழும்பி, இருபது துளி விட்டு, தீர்த்தம் வார்த்து வைப்பார். துளிமருந்து வராத மாதங்களில் குளிசையை இடித்துக் கரைப்பார்.

நான் கட்டுரை எழுதினேன். அந்தக் கோயிலில் தங்கியவர்களில் எத்தனையோ பேர் கொஞ்சம் தேறினார்கள், அது உண்மை. நல்ல சாப்பாடு, குளிப்பு, அடிக்காத மனிதர்கள், ஒழுங்கான நேரம். அதை அப்படியே எழுதியிருந்தால் ஒரு நேர்மையான, யாரும் வாசிக்காத கட்டுரையாக வந்திருக்கும். வாசிக்க வைத்தது ரீச்சரின் கதைதான். நான்கு பக்கம். துளிமருந்து பற்றி ஒரு வரி எழுதினேன், பிறகு வெட்டினேன், பிறகு எழுதினேன், பிறகு வெட்டினேன். வெளிநாட்டு ஆய்விதழ்க்காரர் திருப்பிக் கேட்டிருந்தார்: இந்த நோயாளிக்கு மருந்து ஏதும் கொடுக்கப்பட்டதா? நான் இரண்டு நாள் யோசித்து, கட்டுரையிலேயே ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: "நோயாளி மருந்தை மறுத்துவிட்டார்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இன்றைக்கும் அந்த வசனத்தில் பிழை பிடிக்க முடியாது.

அதன்பிறகு எனக்கு நல்ல காலம். குளிர் நாடுகளில் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வேலைக்கு நீளக் காற்சட்டை போட்டுச் சப்பாத்தோடு போகிற நான், அங்கே மேடையில் வேட்டி கட்டிக்கொண்டு நின்றேன். வேட்டிக்கு உள்ளே கம்பளிக் காற்சட்டை. கோயிலின் படத்தைத் திரையில் காட்டி, எங்களுடைய சனங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவை மேற்கத்தைய மருத்துவம் மதிக்க வேண்டும் என்று சொல்லுவேன். கைதட்டுவார்கள். அந்தத் திரையில் பூசகரின் கையில் இருந்த செம்பை நான் ஒருமுறையும் நேராகப் பார்த்துக் கதைத்ததில்லை.

உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று என் கட்டுரையைத் தமிழில் போட்டது. கோயிலில் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினார்கள். ரீச்சரும் ஒரு பிரதி வாங்கித் தன் வீட்டு ஹோலில் மாட்டினார். பெயர் இல்லை, ஆனால் தான்தான் என்று அவருக்குத் தெரியும். நல்ல புள்ளி எடுத்த விடைத்தாளை மாட்டியது போல மாட்டினார்.

ஒருநாள் குருநகரிலிருந்து ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தார். கணவர் கடற்றொழில் செய்பவர், இரண்டு வருடமாக என்னுடைய மருந்தில் நன்றாக இருந்தவர். அந்தப் பெண் செபப்புத்தகத்துக்குள்ளிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து விரித்தார்.

"நாங்கள் வேதக்காரர்தான் டொக்டர். எண்டாலும் நீங்களே எழுதியிருக்கிறபடியால் அவரை அந்த அம்மாளிட்டைக் கொண்டுபோறம். குளிசையை நிப்பாட்டியிட்டம். உங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"குளிசையை நிப்பாட்டக்கூடாது. கோயிலுக்கும் போங்கோ, குளிசையும் குடுங்கோ."

அவர் துண்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "உதிலை அப்பிடி இல்லையே டொக்டர்," என்றார்.

இரண்டு மாதம் கழித்து அந்த மனிதரை நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். திரும்பத் தேற ஒரு வருடம் பிடித்தது. பழையபடி கடலுக்கு அவர் போகவேயில்லை. அந்தப் பெண் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாங்கள் வேதக்காரர் என்றபடியால் அம்மாள் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

தங்கை மாதாமாதம் வந்தார். கிளினிக் வாங்கில் அவரை ஊர்ச்சனம் கண்டது. அவருக்குப் பேசிவந்த இரண்டு சம்பந்தங்கள் காரணம் சொல்லாமல் நின்றுபோயின. பிறகு யாரோ ரீச்சரிடமே கேட்டுவிட்டார்கள், உங்கடை தங்கச்சி ஏன் விசர் கிளினிக்கிலை நிக்கிறா என்று. ரீச்சர் தங்கையிடம் கேட்க, தங்கைக்கு வேறு வழியில்லை. "ஓம் அக்கா. எனக்குக் கொஞ்ச நாளாய் மனம் சரியில்லை," என்று சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து அக்கா தங்கையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். கிளினிக் நாளில் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு கூடவே வருவார். வெளியே மரத்தடியில் இருந்து விடைத்தாள் திருத்துவார். ஒருநாள் உள்ளேயும் வந்தார்.

"சேர், இவளுக்குத் தனக்கு வருத்தம் எண்டு விளங்குதில்லை. கோயிலுக்கு வா, ஒரு மண்டலம் இரு எண்டால் சிரிக்கிறாள். நான் சுகமானதைக் கண்ணாலை கண்டவள்தானே?"

தங்கை சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்திருந்தார்; சிரிப்பை அடக்கினாரோ மற்றதை அடக்கினாரோ என்று நான் ஆராயவில்லை. ரீச்சர் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏதாவது எழுதத்தானே வேண்டும். "நோயாளிக்குத் தன் நோய் பற்றிய விளக்கம் குறைவு" என்று எழுதினேன்.

ஒவ்வொரு வருடமும் கோயில் திருவிழாவில் ரீச்சர் அடியழித்தார். வெளிவீதிச் சுடுமணலில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு, வீதி முழுவதையும் சுற்றி முடிக்க வேண்டும். நேர்த்திக்கடன், தங்கை சுகமாக வேண்டும் என்று. கூடவே தண்ணீர்ப் போத்தலும் துவாயும் பிடித்துக்கொண்டு நடப்பவர் தங்கை. மருந்தால் ரீச்சரின் கைகளில் ஒரு சிறு நடுக்கம் வந்திருந்தது. அதை அம்மாளின் அருள் என்று பக்கத்தில் நின்ற பெண்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் மறுமாதம் இரண்டு துளி குறைத்தேன். அருளும் குறைந்தது.

நான் ஓய்வுபெற்றேன். என் இடத்துக்கு என்னிடம் படித்தவரே வந்தார். தங்கையின் கொப்பிகள் இதற்குள் பதினொன்றாகி, ஒன்றோடொன்று சேர்த்து நூலால் தைக்கப்பட்டிருந்தன. புதிய வைத்தியர் அதே மருந்தை அதே பெயருக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுதியதை அவர் ஏன் சந்தேகிக்க வேண்டும்?

போன வருடம், தங்கைக்கு ஐம்பத்தொரு வயதில், ஒரு சம்பந்தம் வந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. வாசிகசாலைக்குப் பத்திரிகை பார்க்க வருவார். பத்திரிகை பழையதாக இருந்தாலும் வருவார். அவரே நேரில் வீட்டுக்கு வந்து ரீச்சரிடம் கேட்டார். ரீச்சருக்குச் சந்தோசம். ஆனால் மறைத்துச் செய்துவைப்பது பாவம் என்று, தான் ஒருநாளும் விரித்துப் பார்க்காத தைத்த கொப்பிக் கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். கரும்பலகை கதைத்தது உட்பட. பிறகு மரியாதையாக, டொக்டரிட்டை ஒரு கடிதம் வாங்கினால் நல்லது என்றார்.

தங்கை மானிப்பாயில் என் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல ஒரு சீப்பு இதரை வாழைப்பழம்.

"சேர், எனக்கு ஒரு கடிதம் தாங்கோ. வருத்தம் ஒருநாளும் இருக்கேல்லை எண்டு."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் தனக்கென்று கேட்ட ஒரே ஒரு பொருள். நான் பேனாவை எடுத்தேன். ஒருநாளும் நோய் இல்லை என்று எழுதினால், பதினொரு கொப்பி மருந்து யாருக்குப் போனது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நேரே என்னுடைய நான்கு பக்கத்துக்குப் போகும். நான் எழுதினேன்: "இவருக்குத் தற்போது நோய்க்குறிகள் எதுவும் இல்லை."

அவர் நின்றபடியே வாசித்தார்.

"தற்போது எண்டு ஏன் சேர்?"

"அது வழக்கமாய் எழுதிறதுதான், தங்கச்சி."

தபாலதிபர் வாழ்நாள் முழுவதும் சொற்களை எண்ணித் தந்தி அனுப்பியவர். ஒரு சொல் வீணாக நிற்காது என்று அவருக்குத் தெரியும். இரண்டு கிழமையில் வாசிகசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். தங்கை அதைச் சொல்லத் திரும்ப வந்தார்.

"அவர் நல்ல மனுசன் சேர். பிழை அவரிலை இல்லை," என்றார். போகும்போது வாசற் படலையை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

எனக்கு மனச்சாட்சி வந்தது அப்போதுதான் என்று சொன்னால் நம்பக்கூடாது. அது முன்பே இருந்தது, நான் அதற்கும் ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்து வைத்திருந்தேன். ஆனால் அந்தப் படலைச் சத்தத்துக்குப் பிறகு நான் மூன்று நாள் இருந்துவிட்டு, நாலாம் நாள் பஸ் ஏறி நீர்வேலிக்குப் போனேன். தங்கையிடம் கேட்கவில்லை. பெயர் எழுதும்போதாவது கேட்டேன்; இப்போது அதுவும் இல்லை.

ரீச்சர் உபஅதிபராகியிருந்தார். ஹோலில் என் கட்டுரைக்கு நேர்கீழே என்னை உட்காரவைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எத்தினை துளி?"

"இருபது. பிறகு பதினெட்டு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் ரீச்சர்."

அவர் எழும்பிப் போய்ச் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, விரலால் வரியைத் தொட்டார். "நோயாளி மருந்தை மறுத்துவிட்டார். இது நீங்கள் எழுதினதுதானே?"

"ஓம்."

"அப்ப பேராசிரியர் எழுதினதை நம்பவோ, பென்சன் எடுத்த மனுசன் சொல்லுறதை நம்பவோ?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவள் உங்களிட்டை வந்து அழுதவளோ சேர்? அவளிலை இரக்கப்பட்டுச் சொல்லுறியள். எனக்கு விளங்குது. எண்டாலும் உப்பிடிப் பொய் சொல்லக்கூடாது."

அந்த நேரம் தங்கை தேத்தண்ணியோடு வந்தார். கழற்றிய சட்டத்தைக் கண்டார், என் முகத்தைக் கண்டார். தட்டத்தை வைத்தார்.

"நான் ஒரு கடிதம்தான் கேட்டனான் சேர்," என்றார். "உதைக் கேக்கேல்லை."

அங்கிருந்து கிளினிக்குக்குப் போனேன். என் மாணவர் எழுந்து நின்று கதிரை தந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு கனிவு பரவியது. அந்தக் கனிவை எனக்குத் தெரியும், நான்தான் அதைப் படிப்பித்தேன்.

"சேர், நித்திரை எப்பிடி?"

"நித்திரைக்கு ஒரு குறையும் இல்லை."

"பசி? விடியக் கெதியா முழிப்பு வருதோ? பழைய பிழையளை நினைச்சுக்கொண்டு இருக்கிறனீங்களோ?"

முதிய வயதில் வரும் மனச்சோர்வில் குற்ற உணர்வு எப்படிப் பெருகும் என்று நான் நடத்திய பாடத்தின் கேள்விகள், அதே வரிசையில். மற்ற எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு ஒரு கொப்பி திறக்கட்டுமா என்று அவர் பணிவாகக் கேட்டார்.

ஆய்விதழுக்கும் எழுதினேன். மிகவும் அன்பான பதில் வந்தது. பழைய ஆசிரியர் காலமாகிவிட்டாராம். ஆய்வில் நேர்மை பற்றி ஒரு சிறப்பிதழ் வெளியிட இருக்கிறார்களாம், அதற்கு இதையே ஒரு கட்டுரையாக விரித்து எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கோயிலுக்குப் போய்ச் சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். பூசகர் வயதாகி என்னைவிடத் தளர்ந்திருந்தார். "கழட்டினால் ஏன் எண்டு சனம் கேக்கும் டொக்டர்," என்று சொல்லி, அதன் மேல் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டார்.

மூன்று கிழமை கழித்து ரீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். போனேன். மேசையில் அவருடைய லீவு விபரங்கள் வருடவாரியாக அடுக்கியிருந்தன. இரண்டு இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

"தங்கச்சி இந்த வீட்டிலை இல்லாத நாள் ரெண்டு தரம்தான் வந்தது. ஒருக்கா அவளுக்கு டெங்கு. ஒருக்கா மாமாவின்ரை செத்தவீட்டுக்குக் கொழும்புக்குப் போனவள். ரெண்டு தரமும் அடுத்த கிழமை நான் லீவு. ரெண்டு தரமும் கரும்பலகை திரும்பக் கதைச்சது. ஆருக்கும் சொல்லேல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "அவளின்ரை வருத்தம் எனக்கும் தொத்தியிட்டுது எண்டு நினைச்சன்."

நான் குனிந்து சிவப்பு வட்டங்களைப் பார்த்தேன்.

"ரெண்டு தரவு போதாது. எண்டாலும் மாறாய் ஒரு தரவும் இல்லை." காகிதங்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார். "அப்ப அம்மாள் ஒண்டும் செய்யேல்லையோ சேர்?"

"தெரியாது ரீச்சர்."

"அதையாவது எழுதியிருக்கலாம்."

மறுநாள் அவர் புதிய கொப்பி ஒன்று வாங்கி, பள்ளிப் பிள்ளைகள் போல மண்ணிறத் தாளில் உறை போட்டு, தன்னுடைய பெயரைத் தானே எழுதினார். கிளினிக் நாளில், மரத்தடியில் அல்ல, வாங்கில் இருந்தார். முன்னாள் மாணவிகள் இரண்டு பேர் அங்கே தாதியர். அவர்கள் எழும்பி நின்றார்கள். "இருங்கோ பிள்ளையள், வரிசையிலை வாறன்," என்றாராம்.

மிச்சமிருந்தது தங்கையின் பெயர். அவர் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தியதும், நோயாளி வராமல் விட்டுவிட்டார் என்று தேடிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே ஆட்கள் வந்தார்கள். நான் திரும்ப என் மாணவரிடம் ஓடினேன். இம்முறை ரீச்சரும் வந்து சாட்சி சொன்னபடியால் அவர் என் நித்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

"நான் நம்புறன் சேர். எண்டாலும் வருத்தமே இருக்கேல்லை எண்டு பதிய இதிலை இடமில்லை. இருபத்திரண்டு வருச மருந்து போயிருக்கு. 'குணமடைந்தார்' எண்டு மூடலாம்."

அப்படியே மூடினார். புதிதாக வந்த ஒரு வைத்தியர் எட்டிப் பார்த்து, இவ்வளவு நீண்ட நோயில் இப்படி ஒரு குணம் அபூர்வம் என்றார்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நெடுநேரம் சிரித்தார். "வருத்தமில்லாத ஆளைச் சுகப்படுத்தின டொக்டர் உலகத்திலை நீங்கள் ஒராள்தான் சேர்." பிறகு கண்ணைத் துடைத்தார்.

'தற்போது' இல்லாத புதிய கடிதத்தோடு தபாலதிபரிடம் நானே போனேன். அவர் வாசித்தார், என்னை இருக்கச் சொன்னார், தண்ணீர் தந்தார். அடுத்த மாதம் தனக்கு வேறு இடத்தில் கலியாண எழுத்து என்றார். கடிதத்தை மடித்து, திருப்பித் தராமல், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இவ்வருடத் தொடக்கத்தில் கனடாவிலிருக்கும் அவர்களுடைய அண்ணனின் மகளுக்குக் கலியாணம். தங்கை முதல் தடவையாக இந்தத் தீவை விட்டுப் போகலாம் என்று முடிவாகியது. போவதற்கு முதல் என்னிடம் வந்தார்.

"அக்கா துளியை எண்ணுவா. எண்ணினதைக் குடிக்கிறாவோ எண்டு பாக்க ஒராள் வேணும். இருபத்திரண்டு வருசம் நான் பாத்தனான். மூண்டு மாதம் நீங்கள் பாருங்கோ."

"தாதி ஒராளை ஒழுங்கு செய்யட்டோ?"

"இல்லை சேர். நீங்கள்."

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் ஒரு பஸ், அங்கிருந்து பருத்தித்துறை பஸ். ரீச்சர் பள்ளிக்கூடம் போகுமுன் ஆறரைக்கு நான் சாமியறை வாசலில் நிற்க வேண்டும். அவர் செம்பை வெளிச்சத்தில் பிடித்து, உரத்து எண்ணுவார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு." பதினெட்டில் நிறுத்துவார். தீர்த்தத்தையும் விடவில்லை, அதையும் வார்ப்பார். குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்துக் காட்டுவார். பிறகு கோடு போட்ட ஒரு வரவுப் பதிவேட்டை என் பக்கம் தள்ளுவார். பெயர், வந்த நேரம், கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்குச் செய்வது போலவே, ஆறரைக்குச் சிவப்புக் கோடு. பிந்தி வந்தால் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும்.

சிலநாள் அவர் ஒன்றும் கதைப்பதில்லை. சிலநாள், "மழைக்குள்ளை வந்தனீங்களோ, துடையுங்கோ," என்று துவாய் தருவார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை.

மூன்று மாதம் முடியும் கிழமையில் தங்கை கனடாவிலிருந்து கதைத்தார். விசாவை இன்னும் மூன்று மாதத்துக்கு நீட்டிவிட்டாராம். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம், பாத்திரச் சத்தம். "பனி எப்பிடி?" என்று கேட்டேன். "பாக்க நேரமில்லை சேர்," என்றார்.

மறுநாள் காலையில் பருத்தித்துறை பஸ் கோப்பாயில் காற்றுப் போய் நின்றுவிட்டது. நான் மிச்சத்தை நடந்து போனேன். ரீச்சர் பள்ளிக்கூடச் சேலையோடு, குடிக்காமல், செம்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேசையில் பதிவேடு. அடுத்த மூன்று மாதத்துக்கும் புதிதாகக் கோடுகள் அடித்திருந்தார். அன்றைய நாளில் சிவப்புக் கோடு ஏற்கெனவே விழுந்திருந்தது.

"பஸ் பழுதாய்ப் போச்சு ரீச்சர்."

"எழுதுங்கோ," என்றார். "உள்ளதை எழுதுங்கோ."

காரணத்தை எழுதி, கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன். அவர் எண்ணத் தொடங்கினார்.